பூ ஃப்ரேமில் ஒரு தோள்

மில்புரூக் டிவி ஸ்டேஷனுக்கு வழி சொல்வது சுலபம். ரூட் 27-ல் ஒரு டயர் கடை வரும். அதன் பின்னால் போகிற மண் பாதை முடிகிற இடத்தில் தாழ்வான செங்கல் கட்டடம், அதன் மேல் துருப்பிடித்த கோபுரம், பின்புறம் நாணல் மண்டிய ஒரு குட்டை. இப்போது போனால் கோபுரம் இருக்காது. கட்டடத்தில் யாரோ டைல்ஸ் விற்கிறார்கள். குட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் முதலில் அங்கே போனது 1994 பொங்கலுக்கு. கூட்டிப்போனவர் சந்தானம். மருந்துக் கம்பெனியில் புரோகிராமர். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் வாய் திறக்காமல் இருந்ததற்கு வட்டியும் முதலுமாக சனி ஞாயிறில் பேசுகிறவர். நியூஜெர்சித் தமிழர்களுக்கு டிவியில் ஒரு மணி நேரம் வேண்டும் என்று அலைந்து, யாரும் சீந்தாத இந்த ஸ்டேஷனைப் பிடித்திருந்தார். ஞாயிறு காலையில் ஒரு போலிஷ் பாதிரியாருக்கும் கார்ப்பெட் விளம்பரத்துக்கும் நடுவில் எங்களுக்கு இடம் கிடைத்தது. நான் அறிவிப்புகள் வாசிக்க ஒத்துக்கொண்டேன். எடிசனில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை, வீட்டில் பேச ஆள் கிடையாது. என்னைக் கட்டியவர் டெக்சாஸில் பிளானோ பக்கம் வேறு ஒருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். டிவியிலாவது பேசலாமே என்று போனேன்.

கதவைத் திறந்தவர் வால்டர். கிழவர்தான் ஸ்டேஷனின் முதலாளி, எஞ்சினியர், பெருக்குகிறவர், எல்லாம். அதற்கு முன்னால் கனடாவில், மரம் அறுக்கும் ஊர் ஒன்றில் சின்னதாக ஒரு டிவி ஸ்டேஷன் வைத்திருந்தாராம். அது மூடிப்போனதும் அங்கிருந்த கேமரா, விளக்கு, திரை, நாற்காலி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். உள்ளே எப்போதும் நனைந்த கம்பளி வாடையும், சூடான தூசியின் வாடையும் அடிக்கும். எங்கோ சுவருக்குள் டிரான்ஸ்மிட்டர் உறுமிக்கொண்டே இருக்கும். நடைவழியில் அந்தக் கனடா ஸ்டேஷன் ஊழியர்களின் குரூப் போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. வரிசையின் கடைசியில் இளவயது வால்டர். அவருக்கும் அடுத்து நின்றவருக்கும் நடுவில் கத்தரியால் வெட்டி, பிறகு சின்ன இடைவெளி விட்டு ஒட்டியிருந்தது. எதற்கு இப்படி என்று ஸ்வர்ணா ஒருமுறை கேட்டாள். கிழவர் காது கேட்காதவர் போல நகர்ந்துவிட்டார்.

ஸ்வர்ணா சந்தானத்தின் மனைவி. அவர்கள் மகள் மாளவிகாவுக்கு அப்போது மூன்று வயது. தமிழ் எல்லாம் புரியும், வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான் வரும்.

முதல் நாள் ரெக்கார்டிங் முடிந்ததும் நீலத் திரைக்கு முன்னால் எங்களை நிற்கவைத்து வால்டர் ஒரு போட்டோ எடுத்தார். இடது ஓரத்தில் கேமரா பிடித்த சிவராமகிருஷ்ணன் சார். அடுத்து பாட்டு அறிமுகம் செய்யும் ஷ்யாமளா, கிளிப்பச்சைப் பட்டில். அடுத்து கந்தசாமி, கோபிச்செட்டிபாளையத்துப் பையன், எச்-ஒன் விசாவில் வந்த பிரம்மச்சாரி, கட்டம்போட்ட சட்டை. அப்புறம் பிரவுன் கோட்டில் சந்தானம், இடுப்பில் குழந்தையோடு ஸ்வர்ணா, வலது ஓரத்தில் கடுகு நிறப் பட்டில் நான். கிளிக் பண்ணும் நேரம் மாளவிகா அம்மா இடுப்பிலிருந்து எட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடு கண்ணா, ஆன்ட்டியோட புடவை கசங்கும்."

"நோ. மை கலா ஆன்ட்டி."

போட்டோவிலும் விடவில்லை, அதற்குப் பிறகும் விடவில்லை. நான் வாசிக்கும்போது மேஜைக்கு அடியில் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கலர் அடித்துக்கொண்டிருப்பாள். பெற்ற தாய்கூட வேண்டாம், கலா ஆன்ட்டி வேண்டும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு.

எங்கள் நிகழ்ச்சியில் பாட்டு, சமையல், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் இருந்தாலும், மக்கள் உண்மையில் காத்திருந்து பார்த்தது கடைசியில் வரும் கண்ணீர் அஞ்சலியைத்தான். ஊரில் அப்பா போய்விடுவார், அம்மா போய்விடுவார். கிரீன் கார்டு பெண்டிங், கிளம்பினால் திரும்ப முடியாது. அழுதுவிட்டு எங்களுக்கு ஒரு போட்டோ அனுப்புவார்கள். அதற்காக வால்டர் கனடா சாமான்களிலிருந்து ஒரு கறுப்புப் பலகை எடுத்துக்கொடுத்தார். நடுவில் முட்டை வடிவ ஓட்டை. பின்னால் போட்டோவைச் செருகினால் முகம் ஓட்டையில் தெரியும், எதிரே கேமரா. ஸ்வர்ணா ஓக் ட்ரீ ரோட்டில் பிளாஸ்டிக் ரோஜாவும் மல்லிகையும் வாங்கிவந்து ஓட்டையைச் சுற்றி நெருக்கமாகத் தைத்தாள். பூ ஃப்ரேம் என்று அதற்குப் பெயர் வைத்தோம்.

நம் ஜனங்களிடம் ஒரு பழக்கம். உயிரோடு இருக்கும்போது தனியாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கல்யாண வரிசையில், காதுகுத்து வரிசையில், யாராவது இடித்துக்கொண்டு நின்றால்தான் போட்டோ. செத்த பிறகு அந்தக் கும்பலிலிருந்து ஆளை வெட்டி எடுக்க வேண்டும். எவ்வளவு வெட்டினாலும் பக்கத்தில் நின்றவரின் தோள் ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். சரிகைக் கரை, சட்டைக் காலர், சில சமயம் பாதிக் காது. அந்தத் தோள்காரர் ஊரில் தோசை தின்றுகொண்டிருப்பார், அவர் தோள் இங்கே மாலைக்குள் இருக்கும். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. நானும்தான்.

1996 ஜனவரியில் ஊரையே மூடிய அந்தப் பெரும்பனி பெய்தது. டிரைவ்வேயில் பனியை அள்ளிக்கொண்டிருந்த சிவராமகிருஷ்ணன் சார் மண்வெட்டியோடு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர் மனைவி எங்கள் பொங்கல் போட்டோவைத்தான் கேட்டாள். அதில்தான் சிரிக்கிறார் என்றாள். செருகினோம். அவர் பக்கத்தில் கிளிப்பச்சைத் தோள் ஒன்று தெரிந்தது.

"என் புடவை டிவில நல்லா வருதே" என்றாள் ஷ்யாமளா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்த மாதம் முடிவதற்குள் ரூட் ஒன்னில் அவள் கார் கண்ணுக்குத் தெரியாத ஐஸில் சுழன்று போய் டிவைடரில் மோதியது. அவள் கணவருக்கு எங்கள் போட்டோவே போதுமாம். ஃபேமிலி போட்டோ எல்லாவற்றிலும் பக்கத்தில் தான் நிற்பதால் வெட்டக் கூடாது, அபசகுனம் என்று அழுதுகொண்டே தெளிவாகச் சொன்னார். துக்கத்திலும் மனிதன் எவ்வளவு உஷார் பாருங்கள்.

ஷ்யாமளாவைப் பலகையில் செருகியது கந்தசாமி. மானிட்டரைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, இங்க பாருங்க்கா. என்ற சட்டை டிவில வருதுங்க."

நான் சிரிக்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி நடுவில் அவன் ரூம்மேட் எனக்கு போன் பண்ணினான். கந்தசாமி தூங்கினவன் எழுந்திருக்கவில்லை. இருபத்தாறு வயதுப் பையன், சளி கூடப் பிடித்ததில்லை. டாக்டர்கள் அறுத்துப் பார்த்தும் காரணம் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஸ்டேஷனில் நாங்கள் மூன்று பேர், மேஜைக்கு அடியில் மாளவிகா. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பொங்கல் போட்டோவில் கந்தசாமிக்கு ஒரு பக்கம் செத்துப்போன ஷ்யாமளா. மறுபக்கம் பிரவுன் கோட்.

சந்தானம் போட்டோவைப் பலகையின் பின்னால் வைத்து மெல்ல நகர்த்தினார். கேமராவை அவரே பிடிக்க வேண்டியிருந்தது. மானிட்டரில் கந்தசாமியின் முகம் வந்தது. ஓரத்தில் பிரவுன் கோட்டும் வந்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் ஸ்வர்ணா.

தள்ளினார். கந்தசாமியின் காது மறைந்தது, கன்னம் பாதி மறைந்தது.

தோள் அப்படியே இருந்தது.

"ஜூம் பண்ணுங்க."

ஜூம் பண்ணினார். மூக்கும் கண்ணும் மட்டும் திரையை நிறைத்தன. அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில், இருக்கவே முடியாத இடத்தில், பிரவுன் துணி.

சந்தானம் போட்டோவை உருவி எறிந்தார். கந்தசாமியின் பாஸ்போர்ட் போட்டோ ஒன்று ரூம்மேட் கொடுத்திருந்தான். தனி ஆள், வெள்ளைப் பின்னணி, பக்கத்தில் காற்றுகூட இல்லை. அதைச் செருகினார். மானிட்டரில் கந்தசாமி தனியாக எங்களைப் பார்த்தான். ஸ்வர்ணா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

சுவருக்குள் டிரான்ஸ்மிட்டரின் உறுமல் நின்றது.

நனைந்த கம்பளி வாடை வந்தது.

வெள்ளைப் பின்னணியில் ஓரமாக ஒரு கறை தெரிந்தது. கறை கொஞ்சம் அகலமாயிற்று. அதற்குக் காலர் வந்தது. காலரில் சந்தானம் அன்றைக்குக் குத்தியிருந்த பொங்கல் பானை பேட்ஜ் வந்தது.

சந்தானம் பின்வாங்கி இடித்ததில் கேமரா ஸ்டாண்டு தடதடவென்று ஆடியது. திரையில் கந்தசாமி ஆடினான், தோள் ஆடவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வால்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. வெளியே வந்து சந்தானத்தின் கையைப் பிடித்து நடைவழிக்குக் கூட்டிப்போனார், அந்தப் பழைய போட்டோவுக்கு முன்னால். வெகுநேரம் கிசுகிசுத்தார். ஒரு வரி மட்டும் என் காதில் விழுந்தது.

"எனிபடீஸ் வில் டூ, சன்."

யாருடையதாக இருந்தாலும் போதும். எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. திரும்பி வந்த சந்தானம் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கலா, நீங்க ஆடியோ மட்டும் குடுத்துட்டு கிளம்புங்க. போட்டோவ நான் அப்புறமா சேத்துக்கறேன்."

"சந்தானம், இந்த வாரம் அஞ்சலியே வேணாமே. விட்டுடலாமே."

"அவன் அம்மா கேசட் கேட்டிருக்காங்க. எப்படி விடறது?"

மேஜையில் உட்கார்ந்தேன். பெயரை வாசிக்கும் முன் தொண்டையைச் செருமுவது என் பழக்கம். வால்டர் எத்தனையோ தடவை திட்டியும் போகவில்லை. செருமினேன், வாசித்தேன். மாளவிகா என் தலைப்பிலிருந்து கையை எடுக்க மாட்டேன் என்றாள். விரல் விரலாகப் பிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை உப்புமா தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தேன். வெளியே நல்ல வெயில். வழக்கம்போல வி.சி.ஆரில் ரெக்கார்டும் போட்டேன். பாட்டு வந்தது, பிறந்தநாள் வந்தது, கடைசியில் என் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது. பூ ஃப்ரேமுக்குள் கந்தசாமி சிரித்தான்.

பக்கத்தில் பிரவுன் கோட் இல்லை.

கடுகு நிறப் பட்டு. மெரூன் கோபுரக் கரை.

என் தோள்.

நான் எந்தப் போட்டோவிலும் கந்தசாமிக்குப் பக்கத்தில் நின்றதில்லை. பிளேடால் வெட்டி ஒட்டிய விளிம்பு டிவியில் வெள்ளைக் கோடாகவே தெரிந்தது. அதற்கு மேலே ஏதோ கொஞ்சம் நிழலாடியது. நான் கவனிக்கவில்லை. தன் சாவைப் பார்க்கிறவள் நிழலையா பார்ப்பாள்?

போன் பண்ணினேன். ஸ்வர்ணா எடுத்தாள், என் குரலைக் கேட்டதும் ரிசீவரை அவரிடம் கொடுத்துவிட்டாள். ஆக, அவளுக்கும் தெரியும்.

"ஏன் என்னை?" என்று கேட்டேன்.

கிசுகிசுப்பாக, கணக்கைப் புரியவைக்கிற வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"எனக்குக் கொழந்தை இருக்கு, கலா. நீங்களே யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு யாரு இருக்கா?"

இதுபோல ஒன்றை என் புருஷன்கூடச் சொன்னதில்லை. அவனாவது அழுதுகொண்டு போனான்.

அந்த வாரம் நான் வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்ல முடியாது. வேலைக்குப் போகவில்லை. கார் சாவியை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். அடுப்புப் பற்றவைக்கவில்லை, வழுக்கும் என்று குளிக்கவில்லை, தொண்டையில் அடைக்கும் என்று ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றேன். தூங்கினால் கந்தசாமி மாதிரி ஆகிவிடும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தேன். வெள்ளிக்கிழமை ஸ்வர்ணா போன் பண்ணினாள்.

"கலா, நாளைக்கு ரெக்கார்டிங். நீ வரலைன்னா மாளு ஒரு நிமிஷம் உக்கார மாட்டா. ப்ளீஸ்டி. ஆன்ட்டி எங்கேன்னு கேட்டுட்டே இருக்கா."

பின்னணியில் குழந்தையின் குரல் கேட்டது. "இஸ் தட் கலா ஆன்ட்டி?"

போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை என் இடத்தில் ஸ்வர்ணா உட்கார்ந்து வாசித்தாள். சந்தானம் கேமராவில். சிவப்பு விளக்கு எரிந்தால் கதவைச் சாத்திவிட வேண்டும், யாரும் அசையக் கூடாது, அதுதான் வால்டரின் சட்டம். மேஜைக்கு அடியில் பிடித்துக்கொள்ள என் தலைப்பு இல்லை. குழந்தை எப்போது வெளியே போனாள் என்று ஒருவருக்கும் தெரியாது. பிப்ரவரி கடைசி. குட்டையின் ஐஸ் பார்க்கக் கெட்டியாக இருந்ததாம்.

மதியம் போன் அடித்தபோது என் சாவுதான் என்னைக் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். எடுத்தேன். தமிழ்ச் சங்கத்துச் சுந்தரராமன் அங்கிள் பேசினார். விஷயத்தைச் சொன்னார்.

உள்ளதைச் சொல்கிறேன். போனது நான் இல்லை என்று தெரிந்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. இரண்டு மூச்சு விடும் நேரம். அதற்குப் பிறகுதான் அலறினேன்.

அலறி முடித்து, ரெக்கார்டு பண்ணிய கேசட்டைப் போட்டேன். கந்தசாமி வந்த இடத்தில் நிறுத்தினேன். திரைக்கு மிக அருகே போய் முட்டி போட்டுப் பார்த்தேன்.

கடுகு நிறப் பட்டின் மேல் நிழல் இல்லை.

விரல்கள்.

குட்டையான, உப்பிய, மூன்று வயது விரல்கள். மணிக்கட்டில் திருஷ்டிக்குப் போட்ட கறுப்பு வளையல். சந்தானம் அவசரத்தில் என் தோளை வெட்டி எடுத்தபோது, அதைப் பற்றிக்கொண்டிருந்த கையையும் சேர்த்து வெட்டி எடுத்திருக்கிறார். பெற்ற மகளின் கையைத் தன் கையாலேயே பூவுக்குள் வைத்திருக்கிறார்.

துக்கம் கேட்கப் போனபோது அந்தக் கேசட்டைக் கொண்டுபோனேன். மான்மவுத் ஜங்ஷனில் அவர்கள் வீடு நிறைய ஆட்கள். நான் நேராக வி.சி.ஆரில் செருகி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, "பாருங்க சந்தானம்" என்றேன். ஏன் காட்டினாய் என்று கேட்டவர்கள் உண்டு. உங்களுக்கு யாரு இருக்கா என்று என்னிடம் கேட்டாரே, அதற்குப் பதில் என்று சொன்னேன்.

சந்தானம் பார்த்தார். ஸ்வர்ணா எழுந்து டிவி பக்கத்தில் போய் அந்த விரல்களைக் கண்ணாடியின் மேல் தடவினாள். தடவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வந்திருந்தா உன் மடியில உக்காந்திருப்பா" என்றாள்.

அது என் தப்பு என்று அவள் இன்றைக்கும் நம்புகிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

மாளவிகாவுக்கு அஞ்சலி ஒளிபரப்பாகவில்லை. சந்தானம் அன்றே ஸ்டேஷனுக்குப் போய்ப் பொங்கல் போட்டோவைக் கொளுத்தினார். இரண்டே மாதத்தில் சென்னைக்கு ஓடிப்போனார், மனைவியைக்கூடக் கூப்பிடவில்லை. கோடையில் வால்டர் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தினார். கோபுரத்தை அறுத்து எடுத்துப்போனார்கள். மில்புரூக் டிவி என்று ஒன்று இருந்ததே அந்தப் பக்கத்தில் பலருக்கு மறந்துவிட்டது. அந்தச் சானலைப் போட்டால் வெறும் இரைச்சலும் புள்ளிகளும்தான் வரும். வரிசை அறுந்தது என்று நினைத்தேன்.

மறு வருஷம் லேபில் புது ஐடி கார்டுக்குப் போட்டோ எடுத்தார்கள். கார்டு கைக்கு வந்தது. என் தோளில் விரல்கள் இருந்தன.

பார்ப்பவர்களுக்கு அது துணி மடிப்பு மாதிரி இருக்கும். எனக்குத் தெரியும். மூன்று வயது விரல்கள் இல்லை, ஆறு வயது விரல்கள். அவள் இருந்திருந்தால் அப்போது ஆறு.

ஒரு பலவீனமான நேரத்தில் ஸ்வர்ணாவிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வருஷா வருஷம் மாளவிகாவின் பிறந்தநாள் காலையில் கேமராவோடு என் வீட்டு வாசலில் நிற்பாள். உள்ளே வர மாட்டாள், காபி குடிக்க மாட்டாள். என்னைச் சுவரோரம் நிற்கவைத்து ஒரே ஒரு போட்டோ எடுப்பாள். ஒன் அவர் போட்டோ கடையில் கழுவி, காரில் உட்கார்ந்தபடியே கத்தரியால் என் முகத்தை வெட்டிக் குப்பையில் போடுவாள். கை மட்டும் அவளுக்கு. கை வருஷத்துக்கு வருஷம் நீண்டது. ஒரு வருஷம் நகத்தில் பிங்க் பாலிஷ்கூட இருந்தது. அன்று ஸ்வர்ணா கடை வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பைத்தியக்காரத்தனம் தொற்றும்.

2001-ல் அவள் வரவில்லை. முந்தின வாரமே வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். பிறந்தநாளன்று போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை காலை.

"வீட்டுக்கு வா கலா. பாயசம் வெச்சிருக்கேன்."

ஐந்து வருஷத்தில் முதல் தடவை. போனேன். கதவைத் திறந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கை ஜில்லென்று இருந்தது. ஹாலில் பழைய டிவி, அதன் மேல் ஆன்டெனா. சோபாவில் உட்காரவைத்துக் கிண்ணத்தில் பாயசம் கொடுத்தாள். நன்றாக இருந்தது. முந்திரிகூட நிறையப் போட்டிருந்தாள்.

"இந்த வருஷம் கை வளரலை, கலா" என்றாள்.

"என்ன?"

"போன வருஷ போட்டோவோட வெச்சுப் பாத்தேன். அப்படியே இருக்கு. வெரல் நுனியெல்லாம் நீலமாகுது. டயர்டா இருக்கா போல. பிடிச்சுட்டு நிக்க முடியல அவளால."

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

"இத்தன நாள் நான் பூ போடலை. கை வளருதே, எங்கயோ இருக்காளேன்னு நெனச்சேன். இப்ப அவள அனுப்பி வெக்கணும்னு தோணுது. அஞ்சலி போட்டாத்தான் போவா. அவளுக்கு மட்டும் நம்ம போடவே இல்லையே."

அப்போதுதான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். கறுப்புப் பலகை. முட்டை வடிவ ஓட்டை. அதைச் சுற்றிலும் நிறம் வெளுத்த பிளாஸ்டிக் ரோஜாவும் மல்லிகையும்.

"இது எப்படி இங்க?"

"வால்டர் போறப்ப குடுத்தார். தேவைப்படும்னார்."

ஓட்டைக்குள் ஒரு கை தெரிந்தது. மெலிந்து நீண்ட விரல்கள். அதற்குக் கீழே, போன வாரம் நான் போட்டிருந்த சாம்பல் நிற ஸ்வெட்டர்.

கிண்ணம் கீழே விழுந்தது. யாரும் அதைத் துடைக்கப் போகவில்லை.

"ஸ்வர்ணா, என் தோளை வெட்டிடு. கையை மட்டும் வெச்சுக்கோ. வெட்டிடு, ப்ளீஸ்."

"வெட்டிப் பாத்தேன்டி. எத்தன பிரிண்ட் போட்டு வெட்டினேன் தெரியுமா? மறுபடி மறுபடி வந்து ஒட்டிக்குது."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழந்தைக்கு ஒதுக்குவதுபோல என் நெற்றி முடியை ஒதுக்கினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"நீயே யோசிச்சுப் பாரு, கலா" என்றாள் மெதுவாக. "உனக்கு யாரு இருக்கா?"

ரிமோட்டை எடுத்து அந்தச் சானலைப் போட்டாள்.

இரைச்சல், புள்ளிகள். எப்போதும் போலத்தான். வெளியே பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டிக்கொண்டிருந்தான்.

நனைந்த கம்பளி வாடை வந்தது.

புள்ளிகள் ஒன்றுகூடின. நீலத் திரை தெரிந்தது. பூக்கள் தெரிந்தன.

என் தோளில் இருந்த பாரம், ஐந்து வருஷமாக நான் பழகிப்போயிருந்த அந்தச் சின்னப் பாரம், மெல்ல விலகியது. ஒவ்வொரு விரலாக விலகியது.

டிவிக்குள் என் குரல் தொண்டையைச் செருமியது.